முகூர்த்த நேரத்தில் ஒரு கேரவன் கதவு

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேலக்காற்று புழுதியை வாரி மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. என் பேத்திக்கு முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்து ஓமப்புகை தின்றுகொண்டிருந்தார். பேத்தி வாசலில் நின்ற கேரவனுக்குள் இருந்தாள். கேரவனின் கதவு திறக்கவில்லை.

கேரவன் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். சங்கரன்கோவிலிலேயே இருக்கும் நானும் அதைத்தான் கேட்டேன். அந்த மண்டபத்தில் மணமகள் அறை என்று ஒன்று உண்டு. ஆளுயரக் கண்ணாடி, மின்விசிறி, எல்லாம் வாடகையில் சேர்த்தி. ஆனால் பெண்ணின் அப்பாவான என் மகன் யாரோ ஒரு மணப்பெண் கேரவனிலிருந்து இறங்கி வருவதைச் செல்போனில் பார்த்துவிட்டான். உடனே மதுரையிலிருந்து ஒன்றை வரவழைத்தான். உள்ளே கட்டில், பிரிட்ஜ், கை கழுவும் தொட்டி, கக்கூஸ். ஊர் ஊராகச் சுற்றி அதிலேயே குடியிருப்பதற்கென்று செய்த வண்டி. அதை மணவறையிலிருந்து நாற்பத்திரண்டு தப்படியில் நிறுத்தி, அதற்குள் ஒரு பெண்ணுக்குப் பொட்டு வைத்தார்கள்.

காலை ஏழு மணிக்கு அவள் உள்ளே போனதே ஒரு வைபவம். சொந்தக்காரப் பெண்கள் பதினொரு பேர் ஆரத்தி சுற்றினார்கள். அவள் படியில் கால் வைத்ததும் ஆளுக்கு ஒரு கை அட்சதையைத் தலையில் போட்டார்கள். வேனில் ஏறுவதற்கு அட்சதை எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா வாயத் தொறக்காதிய" என்றாள் என் மனைவி.

இப்போது டிரைவர் பக்கவாட்டில் ஓடித் திறக்கும் அந்தக் கதவை இழுத்தார். இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது. திரும்பத் தள்ளினார், மூடவும் மறுத்தது. அவ்வளவுதான், ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வேலை கிடைத்தது. பதின்மூன்று பேர் கைப்பிடியையும் ஒருவர் இடுப்பை ஒருவருமாகப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். ஒரு பெரியவர் வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டச் சொன்னார். சமையல்காரர் ஒரு தம்ளர் கடலை எண்ணெய் கொடுத்தனுப்பினார். அதை மேல்தண்டவாளத்தில் ஊற்றினார்கள். எண்ணெய் வழிந்து, இழுத்தவர்களின் பட்டு வேட்டியில் இறங்கியது. கதவு அப்படியே நின்றது.

உள்ளிருந்து டிரைவர் உட்காரும் பக்கம் போக வழி இல்லை. நடுவில் பலகை அடித்திருந்தார்கள். பின்கதவு இருந்த இடத்தில் பெரிய கண்ணாடி பதித்து, சுற்றிலும் சினிமாவில் வருவதுபோல் பதினாறு பல்பு மாட்டியிருந்தார்கள். அலங்காரத்துக்காக அடைத்த வழியில் யார் வெளியே வர முடியும்?

மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். வாசுதேவநல்லூர்க்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர்.

"என்ன சம்பந்தி, பொண்ணத் தர மனசில்லையோ? பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டியளே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பின்னால் நின்ற அவருடைய அக்கா சிரிக்கவில்லை.

"பத்தரைக்கு மேல இன்னைக்கு நேரம் இல்லன்னு ஐயர் சொல்லுதாரு. தாலிய எடுத்துட்டு ஊருக்குப் போறதா, என்ன செய்யன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

சிரிப்பு நின்றது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. என் மகனின் முகத்தில் பவுடரைத் தாண்டி வேர்வை வந்தது.

"கண்ணாடிய ஒடைச்சிருவோம்" என்றான்.

"சார், சைடு கிளாஸ் ஒண்ணு பதினாறாயிரம்" என்றார் டிரைவர்.

உள்ளிருந்து பேத்தி கத்தினாள்: "ஒடைக்காதியப்பா! என் மேலதான் விழும். ஏ.சி. வேற நின்னுட்டு, சீக்கிரம் பாருங்க!"

எனக்கு இடது முழங்கால் மடங்காது. வலதை மட்டும் ஊன்றி அந்த இரண்டு விரற்கடை இடுக்கு வழியே கீழே பார்த்தேன். படியோடு ஒட்டி, தரையில், கீழ்த்தண்டவாளம் ஓடுகிறது. கதவைத் தாங்கும் உருளை அதில்தான் உருள வேண்டும். அந்தப் பள்ளம் முழுக்க மஞ்சள் அரிசி. ஆரத்தித் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறி, உருளை நசுக்க நசுக்க அடைமாவாகி இறுகியிருந்தது. பதினொரு பேரின் ஆசீர்வாதம். வெளியே பதின்மூன்று பேர் இழுத்த ஒவ்வொரு இழுப்பும் அதை இன்னும் கெட்டியாக்கிக்கொண்டிருந்தது.

மகனிடம் சொன்னேன்.

"அப்பா, நீங்க போயி காபி குடிங்க" என்றான்.

மறுபடி சொன்னேன். மறுபடியும் காபி குடிக்கச் சொன்னான். அன்று காலை இரண்டு காபி ஏற்கெனவே ஆகியிருந்தது. எனவே இடுக்கில் வாயை வைத்துப் பேத்தியிடமே பேசினேன்.

"ஏட்டி, உன் காலுக்குக் கீழ, படிக்குள்ள பாரு. அரிசி அடைச்சிருக்கு. வெளிய இருந்து கை போகாது. உள்ள இருந்துதான் சுரண்டணும்."

அவளோடு அலங்காரம் செய்யும் பெண் ஒருத்தி உள்ளே இருந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்தவள். "என்னால முடியாதும்மா, நகம் போயிரும்" என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. "நீயும் குனியாத. முப்பத்தெட்டு ஊசி குத்தியிருக்கேன். மடிப்பு அம்புட்டும் கலைஞ்சிரும்."

"கலையட்டும்க்கா" என்றாள் பேத்தி. "தாலி வெளியதான கட்டுவாவ?"

பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். வகிடு எடுக்கும் கம்பிச் சீப்பின் கூர்முனையால் பள்ளத்தைக் கிளறினாள். மஞ்சள் கட்டிகளாக வந்தது. தலைமுடிக்குத் தடவும் ஏதோ எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து மறுபடி கிளறினாள்.

"மேலாப்புல சுரண்டுனா போதாது. உருளைக்கு அடியில விடு. அங்கன இன்னும் ஒரு கட்டி, ரெண்டு, மூணு..."

"தாத்தா, எண்ணாதிய! எண்ண எண்ணக் கூடுது!"

எண்ணுவதை மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து மணி பதிமூன்று நிமிடத்துக்கு அவள், "இப்ப இழுங்கப்பா" என்றாள். இழுத்தார்கள். கதவு பாதி வழி முனகிப் பிறகு ஒழுங்காக ஓடியது. பதின்மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். "நான் ஒரு எக்கு எக்கினேன் பாத்தியா" என்று ஒருவன் மற்றவனிடம் சொல்லிக்கொண்டே முதல் பந்திக்கு நடந்தான்.

பேத்தி நடக்கவில்லை, ஓடினாள். கொண்டையிலிருந்த பிச்சிப்பூச் சரம் ஒரு பக்கம் தொங்க, முன்மடிப்பைக் கையில் அள்ளிக்கொண்டு மணவறையில் ஏறினாள். மாப்பிள்ளை அவள் கையில் ஒட்டிய மாவைப் பார்த்து, "என்ன, கூழ் வத்தல் போட்டியா?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே கையைப் பட்டிலேயே துடைத்தாள். பத்து மணி இருபத்தொரு நிமிடத்துக்குத் தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அத்தை முதல் ஆளாகக் குலவையிட்டார். இருபத்தாறு நிமிடத்துக்கு முன்னால் தாலியை ஊருக்குக் கொண்டுபோக இருந்தவரும் அவர்தான்.

இலையில் பாயசம் விழும் நேரத்தில் டிரைவர் என்னைத் தேடி வந்தார். இழுத்த இழுப்பில் கைப்பிடி வளைந்துவிட்டதாம். மகன் மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான். இழுத்தவர்கள் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுப் போயிருந்தார்கள், ஒருவரையும் காணோம். டிரைவர் இரண்டாயிரத்து ஐநூறு கேட்டார், ஆயிரத்து நானூற்றில் முடித்தேன். அவருக்குப் பின்னால் அலங்காரக்காரி, காலிப் புட்டியையும் வளைந்த சீப்பையும் ஏந்திக்கொண்டு நின்றாள். அவளிடம் பேரம் செல்லவில்லை: எண்ணூற்று அறுபது. ஆக மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.