தம்பி இருந்த ஃபிலிம்

என் தம்பி ஒன்பது நாள்தான் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைச் சங்கரன்கோவில் வீட்டுக்குத் தூக்கிவந்த அன்று, சித்தப்பா தன் கேமராவில் எட்டுப் படம் எடுத்தார். கைப்பேசியில் படமெடுக்கிற காலமில்லை அது. அவன் போனபிறகு அந்த ஃபிலிம் சுருள் மட்டும்தான் மிஞ்சியது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சித்தப்பாவுக்கு வேலை. வீட்டுப் படங்களுக்கு மட்டும் அவர் வேறு ஃபிலிம் வாங்குவார். விமானத்திலிருந்து தரையைப் படமெடுக்கிற அகலமான ஃபிலிமை யாரோ வெட்டி, சின்ன டப்பாக்களில் அடைத்து விற்றார்கள். மலிவு. ஆனால் ரொம்ப மெல்லிசு, தொட்டாலே மடங்கும். கழுவுவதற்கு முன் அதை ஒரு கம்பி ரீலில், சுற்றுக்குச் சுற்று ஒட்டாமல், கும்மிருட்டில் ஏற்ற வேண்டும். அந்த வாரம் பார்த்து சித்தப்பாவின் கட்டைவிரலில் வெட்டுக்காயம், பெரிய கட்டு. ஸ்டுடியோவில் வேறொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஒனக்குத்தான் விரல் சின்னது மக்கா, நீ ஏத்து" என்றார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கழிவு ஃபிலிமை வைத்து இரண்டு நாள் கண்ணை மூடிப் பழகினேன். துக்க வீட்டில் எனக்கு மட்டும் ஒரே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோர் ரூமின் ஜன்னலையும் கதவு இடுக்கையும் போர்வையால் அடைத்தோம். உள்ளே புழுக்கம். என் விரல்கள் வியர்த்தன. பாதி ஏறியதும் ஃபிலிம் ஓரிடத்தில் மடங்கி, ரீல் கம்பியின் வரியை விட்டு நழுவியது. அப்படி நடந்தால் பின்னால் இழுத்து மறுபடி ஏற்றச் சொல்லியிருந்தார். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஆனால் இருட்டு பயமாக இருந்தது. தோற்றுப்போனேன் என்று சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது. மிச்சத்தை அழுத்திச் சுற்றிவிட்டேன்.

"ஒழுங்கா ஏறிட்டா?"

"ஏறிட்டு சித்தப்பா."

கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது மூன்று படங்கள்தான் தேறியிருந்தன. ஒட்டிக்கொண்ட இடத்தில் மருந்து படாமல், மற்ற ஐந்தும் பால் படிந்ததுபோல வெளுத்துக் கிடந்தன. சித்தப்பா ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் நேரே அம்மாவிடம் போனார்.

"என் கை பிசகிட்டு மதினி. ஃபிலிமும் மட்டம்."

அம்மா ஃபிலிமைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, "வெளுத்துப்போனதையும் சேர்த்தே போட்டுக் கொண்டாங்க" என்றாள்.

எட்டையும் அச்சிட்டுக் கொடுத்தார். நல்ல மூன்றையும் அப்பா கையில் கொடுத்துவிட்டு, அம்மா அந்த வெள்ளைத் தாள்களையே மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இதுல கொட்டாவி விடுதான் பாருட்டி" என்று ஒன்றைக் காட்டினாள். "இதுல ஒன் விரலப் பிடிச்சிருக்கான்."

குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. என் தப்பு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, என்னைத் தேற்றத்தான் பொய் சொல்கிறாள் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.