ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர்

சிநேகிதன் வீட்டில் ஒரு ஸ்பீக்கர் ஜன்னலை ஒட்டி இருந்தது. இன்னொன்று கூடத்தின் கோடியில், அவன் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். புதுச்சேரியில் வேலை பார்த்த அவன் மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் இங்கிலீஷ் ராக் இசைத்தட்டுகள் கொண்டுவந்து தருவார். கோட்டை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை விட்டால், செஞ்சியில் அந்தப் பாட்டைக் கேட்க எங்கள் இருவரைத் தவிர ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் உள்ளே போய்த் தட்டைப் போடுவான். நான் ஜன்னலுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று கேட்பேன். காலனிப் பையன் அந்த வீட்டுக்குள் போகிற வழக்கம் இல்லை. போ என்று யாரும் விரட்டியதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. அவன் சத்தத்தைக் கூட்டி வைப்பான். அதையே பெரிய நட்பு என்று நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். நான் திண்டிவனத்தில், அவன் அதே வீட்டில். சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஓர் ஆல்பத்தைப் போனில் அனுப்பிக்கொள்கிறோம். முதல் பாட்டிலிருந்து கடைசிவரை எதையும் தாண்டாமல் கேட்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். நான் புதியவற்றைத் தேடி அனுப்புவேன். போன மாதம் பெண்கள் சிலர் சேர்ந்து வாசித்த ஒன்றை அனுப்பினேன். டிரம்ஸ் அடித்த பெண்ணின் கை விழுந்த விதத்தில் நான் கிறுகிறுத்துப் போயிருந்தேன். “சத்தம்தான் இருக்குது, பாட்டக் காணோம்டா” என்று அவனிடமிருந்து பதில் வந்தது. கூடவே, அந்த நாளில் நாங்கள் தேயத் தேயக் கேட்ட பழைய ஆல்பம் ஒன்றையும் அனுப்பியிருந்தான்.

மகள் வாங்கித் தந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு மனப்பாடமான ஆல்பம் அது; ஆனால் அந்த ஜன்னலோரத்துக்குப் பிறகு அன்றுதான் மறுபடி கேட்டேன். இரண்டாவது பாட்டில் வலது காதில் ஒரு கிட்டார் கேட்டது. பாடுகிறவனோடு சண்டை போடுவதுபோல் பாட்டு முடியும்வரை கூடவே வந்தது. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. அந்தக் காலத்து ஸ்டீரியோ தட்டுகள் சிலவற்றில் பாதி வாத்தியங்களை ஒரு ஸ்பீக்கரிலும் மீதியை இன்னொன்றிலும் பிரித்து வைத்திருப்பார்கள். குரலும் டிரம்ஸும் ஜன்னல் வழியாக என்னிடம் வந்தன. கிட்டார் கூடத்திலேயே தங்கிவிட்டது. பாதிப் பாட்டையா இத்தனை காலம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினேன்?

அவனுக்கு இது தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். சின்னப் பையன், வெளியே நிற்பவனுக்கு என்ன கேட்கும் என்று அவன் எங்கே யோசித்திருக்கப் போகிறான்? அவன் மனதில் ஒன்றும் இல்லை என்று நம்பித்தான் இந்தச் சிநேகிதத்தையே காப்பாற்றி வந்திருக்கிறேன். போன் போட்டு, “ரெண்டாவது பாட்டுல ஒரு கிட்டார் வருதே, கவனிச்சியாடா?” என்றேன்.

சிரித்தான். “உனுக்கு எப்பிடிடா கேட்டிருக்கும்? அது நைனா பக்கத்து ஸ்பீக்கர்லதான வரும். அதயும் ஜன்னலாண்ட வெக்கலாம்னு ஒருநாளு தூக்கனேன். எதுக்குடான்னு நைனா கேட்டா இன்னா சொல்றதுன்னு வுட்டுட்டேன்.”

அவனே தொடர்ந்தான்.

“இப்பதான் நைனா இல்லியே. ஞாயித்துக்கெழம வாடா, உள்ளயே உக்காந்து கேக்கலாம்.”

அவனுடைய நைனா இறந்து எத்தனையோ வருஷங்கள் ஆகின்றன. வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அவனிடமிருந்து ஆல்பம் வந்திருக்கிறது. நான் அனுப்பவில்லை.