ஷாருல் அழ வேண்டும்

நவமணிக்கு எதைப் பார்த்தாலும் தொண்டைதான் ஞாபகம் வரும். கல்யாண விருந்தில் மற்றவர்கள் நகையைப் பார்ப்பார்கள், சேலையைப் பார்ப்பார்கள். இவள் எந்தப் பிள்ளை வாயில் பலகாரத்தை அடைத்துக்கொண்டு ஓடுகிறது என்று பார்ப்பாள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்காமல் எந்தக் குழந்தைக்கும் கொடுக்கமாட்டாள். "ஒன்னக் கட்டினவரு நிம்மதியா ஒரு மீன் சாப்ட முடியாதுலா, முள்ள எண்ணிக்கிட்டே ஒக்காந்திருப்ப" என்று அடுத்த வீட்டு ருக்குமணி கேலி செய்வாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நவமணி செய்யும் வேலை அப்படி.

ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் நவமணி. காலையில் பிள்ளைகள் வருமுன் முட்டிபோட்டுத் தரை முழுக்கக் கையால் துழாவுவாள். பொத்தான், நாணயம், பொம்மைக் காரின் சக்கரம், எது கிடைத்தாலும் உடனே டப்பாவில் போட்டு மூடுவாள். கண்ணில் படாதது இன்னும் எங்கே கிடக்கிறதோ என்று பயம் பிடித்துக்கொள்ளும். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எப்படித்தான் பிழைப்பு நடத்தினாளோ, அந்த முருகனுக்கே வெளிச்சம்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸி ஒருத்தி ரப்பர் பொம்மையை வைத்து முதலுதவி சொல்லிக்கொடுத்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் இவள்தான். தொண்டை அடைத்தால் பெரியவர்களுக்கு ஒரு மாதிரி, ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேறு மாதிரி. இருமுகிறவரை இருமவிடுங்கள், சத்தம் நின்றால்தான் ஆபத்து என்று மிஸி சொன்னது மனசில் அப்படியே தங்கிவிட்டது. அன்றிலிருந்து வீடு கொஞ்சம் அமைதியானால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் ஓடிவந்தாள். ஒன்பது மாதக் குழந்தை ஷாருல் பாயில் உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. அழுகை இல்லை, இருமல் இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நான்கு வயது தனுஜா ஒரு பொட்டலத்துடன் நின்றாள். வீட்டிலிருந்து பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த வேர்க்கடலை.

"பாப்பாக்கு ஒரு காச்சாங் குடுத்தேன் ஆன்ட்டி" என்றாள் பெருமையாக.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நவமணி போட்ட கூச்சலில் ருக்குமணி ஓடிவந்தாள். வந்ததும் வழக்கம்போல் ஷாருலின் உச்சந்தலையைத் தட்டினாள்.

"பொரை ஏறிருச்சு. அவங்க அம்மாதான் நெனைக்கிறா. கொஞ்சம் தண்ணி குடு."

"பொரை இல்லக்கா, அடைச்சிருச்சு. தண்ணி வேணாம்."

"அப்ப வெரல விட்டு எடு. இல்லாட்டி வயித்த அமுக்கு, வீடியோல அப்படித்தான் காட்டுறாங்க."

"அது பெரியவங்களுக்குக்கா. இவனுக்கு உள்ள ஈரல் நசுங்கிரும். வெரல விட்டா இன்னும் உள்ளுக்குப் போயிரும். நீங்க ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க."

ருக்குமணி போனை எடுத்தாள். நவமணி உட்கார்ந்து, ஷாருலை முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலையைத் தாழ்த்தினாள். முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டினாள். தட்டினாள் என்றுதான் சொல்லவேண்டும். நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற கை வேறெப்படி விழும்? ஐந்து முறை தட்டியும் ஒன்றும் வரவில்லை. மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் ஐந்து முறை அழுத்தினாள். வாய்க்குள் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. பிள்ளையின் கால்கள் தொங்கத் தொடங்கின.

கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். இவன் அம்மா ஷாஹிரா கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நின்றுகொண்டிருப்பாள். இவள் இங்கே அவள் பிள்ளையைத் தட்டித் தட்டியே சாகவிடுகிறாள். அப்போதுதான் தன் கைமேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. மறுபடியும் குப்புறப் போட்டாள். இந்த முறை அடித்தாள். அந்தப் பிஞ்சு முதுகு அதிர அடித்தாள். எலும்பு முறிந்துவிடுமோ என்று வாய்விட்டு அழுதுகொண்டே அடித்தாள். பார்க்கமுடியாமல் ருக்குமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காவது அடியில் கடலை எச்சிலோடு தரையில் விழுந்தது. ஷாருல் உடம்பு முழுக்க மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதான். அழுடா ராசா, இன்னும் அழு என்று நவமணி அவனைக் கெஞ்சினாள்.

ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. மூச்சு நன்றாக இருக்கிறது, இன்றிரவு மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டும் நவமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாஹிரா வருவாளே, அவளிடம் என்ன சொல்வது?

ஷாஹிரா தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்தாள். சட்டையைத் தூக்கியவள், முதுகில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருக்கா எம்புள்ளைய இப்படி அடிச்சது?"

"நான்தான் ஷாஹிரா. மொதல்ல மெதுவா தட்டிட்டேன். அதுலதான் லேட்டாயிருச்சு."

ஷாஹிரா பிள்ளையின் முதுகில் கையை வைத்தபடியே இருந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"எவ்ளோ பலமா அடிக்கணும்க்கா?"

"அடிக்கிற நமக்கு அழுகை வரணும்மா. அந்த அளவுக்கு" என்றாள் நவமணி.