வலது காலுக்கு ஒரு கியர்பாக்ஸ்

நார்த்தாமலைக்கு அப்பால் எனக்கு ஒரு கல்குவாரி குத்தகை இருந்தது. அங்கே ஒரு பாறை சரிந்ததில் என் இடது கால் முழங்காலுக்கு நான்கு அங்குலம் கீழே துண்டாகிப் போயிற்று. ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கட்டைக்காலோடு புதுக்கோட்டை வீட்டுக்கு வந்து இறங்கியபோது, வாசலில் ஒரு புது டிரைவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். என் மனைவியின் தம்பி ஏற்பாடு செய்திருந்த ஆள்.

“இனிமே நீங்க பின்னாடி சாஞ்சு உக்காந்துக்கிட்டு வாங்க மச்சான். ராஜா மாதிரி,” என்றார் மச்சினர்.

“சமஸ்தானமே போயிருச்சு மாப்பிள. நான் எதுக்கு ராஜா மாதிரி?” என்றேன். டிரைவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வண்டி ஒரு அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர். செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து நான்காம் கையாக வாங்கியது. கீரனூர் நேர்ச்சாலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால், முன்னால் போகிற பஸ் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸாகிவிடும். அவ்வளவு இழுவை. அதை ஒன்பது ஆண்டுகளாக நான் ஒருவன்தான் ஓட்டியிருக்கிறேன். கிளச்சை மிதிக்க இடது கால் இல்லை என்பதற்காக அதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அதைவிட முக்கியம், குவாரிக்கு எப்போது போவது, எப்போது திரும்புவது என்று இன்னொருவரைக் கேட்கவும் மனம் இல்லை.

மச்சினர் விடவில்லை. காரைக்குடியில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை வண்டி விடுகிற ஒருவரைக் கூட்டிவந்து காரைக் காட்டினார். அந்த மனிதர் பானெட்டைத் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டுவதுபோல. எனக்கு வந்த கோபத்தில் நானே ஒரு கெடு சொன்னேன்: மூன்று மாதத்துக்குள் நான் லைசென்ஸோடு ஓட்டிக் காட்டாவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. “ரெண்டு காலு இருந்தப்பவே யார் பேச்சையும் கேட்டதில்ல. இப்ப ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எங்கிட்டுக் கேக்கப் போறாரு?”

வாயால் மட்டும் சொன்ன வீராப்பு அல்ல அது. மோட்டார் சட்டப் புத்தகத்தை ஒரு வக்கீலிடமிருந்து வாங்கி இரண்டு முறை படித்திருந்தேன். உறுப்பு இழந்தவன், தனக்கேற்ற அமைப்புள்ள ஒரு வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன், சோதித்துப் பாருங்கள் என்று கேட்க அதில் வழி இருந்தது. கிளச் பெடலே இல்லாத வண்டி என்றால் இடது காலுக்கு வேலை இல்லை. ஆக, எனக்குத் தேவை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அப்படி ஒன்றைத் திருச்சியிலேயே யாரும் திறந்து பார்த்ததில்லை.

என் காரை எப்போதும் பார்க்கிற மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். பழைய மோட்டார் சாமான் விற்கிற ஒரு சந்தில், முன்பக்கம் நசுங்கிய இரண்டு அமெரிக்கக் கார்கள் நின்றன. இரண்டும் ஆட்டோமேட்டிக். இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். வியாபாரி ஒரு ரயில் பாலத்து ஏற்றத்துக்குக் கொண்டுபோனார். கையில் கடிகாரத்தையும் மடியில் டைரியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வண்டியில் கியர் மாறுவதே தெரியவில்லை. வெறும் எண்ணெயின் சுழற்சியில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“வெண்ண மாதிரி இருக்கு முதலாளி,” என்றார் மெக்கானிக். “கண்ண மூடிக்கிட்டு இத வாங்கிருவோம்.”

“கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் வாங்கணும். பாதி ஏத்தத்தில நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்லுங்க.”

நிறுத்தி எடுத்தபோது எஞ்சின் கத்தியது. வண்டி யோசித்து யோசித்து நகர்ந்தது. பாலத்தின் உச்சிக்குப் பதினொரு விநாடி. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் அவிழ்த்துவிட்ட கன்றுபோல ஓடியது. பிரேக் ஒன்றுதான் அதைப் பிடித்தது.

இரண்டாவது வண்டிக்கு நான்கு கியர். ஒவ்வொன்றும் மாறும்போது முதுகில் யாரோ குத்துவதுபோல ஓர் உதை. மெக்கானிக் ஒவ்வோர் உதைக்கும் ஒருமுறை “அடேயப்பா” என்றார். ஆனால் அதே இடத்தில் நிறுத்தி எடுத்தபோது உச்சிக்கு ஏழு விநாடி. இறக்கத்தில் ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்க் கம்பியைக் கீழ்க்கியருக்குத் தள்ளியதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கியது. இன்னொன்றையும் பார்த்தேன். எஞ்சினை அணைத்து ரிவர்ஸில் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது.

என் குவாரிக்குப் போகிற வழி ஒரு கண்மாய்க் கரையில் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. எனக்கு வெண்ணெய் தேவையில்லை, பிடி தேவை. நான்கு கியர் வண்டியின் கியர்பாக்ஸைத்தான் கழற்றி வாங்கினேன். ஊர் வரும்வரை மெக்கானிக் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாட்டி முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்கான மெல்லிய எண்ணெயை மூன்று டின் சென்னையிலிருந்தே கொண்டுவந்திருந்தோம். பின் சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட்டை ஒன்றே முக்கால் அங்குலம் வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. மெக்கானிக் ஒன்றரை போதும் என்றார். நான் மறுபடி அளந்து, ஒன்றே முக்கால் என்றேன். வெட்டி மாட்டியதும் சரியாக உட்கார்ந்தது. பிறகு பிரேக் பெடலில் ஒரு பலகை அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன், வலது கால் எங்கே விழுந்தாலும் பிரேக் கிடைக்க வேண்டும் என்று. கிளச் இருந்த இடம்வரை அந்தத் தகடு நீண்டிருந்தது.

குவாரி நிலத்துக்குள் தினமும் பழகினேன். அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. கியர் மாறி உதை விழும்போதெல்லாம் என் இல்லாத இடது பாதம் இல்லாத கிளச்சை மிதித்தது. கட்டைக்கால் அசையவில்லை. தொடை மட்டும் இறுகித் துடித்தது. முதல் நாள் முப்பத்தொரு தடவை என்று டைரியில் இருக்கிறது. ஒன்பதாம் நாள் இரண்டு. பதினான்காம் நாள் ஒன்றுமில்லை. இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே காரைக்குடிக்காரர் வந்து நிற்பார்.

கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது, மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். இரண்டு ரிப்பேர் பஸ்களைப் பார்த்துவிட்டு வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. மச்சினர் சாட்சிக்கு என்று சொல்லிப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பெடல்களைப் பார்த்தார். “கிளச் எங்க சார்?”

“இல்லை. அதுக்கு அவசியமும் இல்லை.”

“கிளச் இல்லாம கியர் எப்படி மாறும்? நகருங்க. மொதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன். அப்பறம் ஒங்க சோதன.”

“இடது காலைக் கட்டிப் போட்டுக்கங்க,” என்றேன்.

“இருவது வருச சர்வீஸ் சார்.”

புறப்பட்டார். முதல் கியர் நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது விழுந்து வண்டி உதைத்ததும், இருபது வருடப் பழக்கத்தில் அவருடைய இடது கால் கிளச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது என் அகலப் பிரேக். வண்டி அப்படியே நின்றது. அவர் தொப்பி பறந்து கண்ணாடியில் மோதியது. மச்சினர் பாதி உடம்போடு முன் சீட்டின் மேல் தொங்கினார்.

“ஆத்தாடி! என்னய்யா வண்டி இது?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்பிள. கால் ஒண்ணு கூடிப்போச்சு.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தொப்பியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஒங்க குவாரிப் பாதையில கண்மாய் மேடு ஒண்ணு இருக்காமே. அங்க விடுங்க,” என்றார். ஓட்டிக்கொண்டு போனேன். கரை ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டித் தன் தீப்பெட்டியை வைத்துவிட்டு வந்து, ஜன்னலோரம் நின்றார்.

“எடுங்க. தீப்பெட்டி நசுங்குச்சுன்னா நீங்க கையெழுத்துக்கு வர வேண்டியதில்ல.”

ஹேண்ட்பிரேக் பிடித்திருந்தது. கம்பியைக் கீழ்க்கியரில் போட்டேன். வலது காலால் ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தி, வண்டியின் மூக்கு நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை விட்டேன். முதுகில் ஓர் உதை. கரை உச்சியில் போய் நின்றேன். எஞ்சினை அணைத்து ரிவர்ஸில் போட்டேன். தொடை துடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கீழே குனிந்தது கண்ணாடியில் தெரிந்தது. நிமிர்ந்தபோது கையில் தீப்பெட்டி முழுசாக இருந்தது. அதிலிருந்து ஒரு குச்சியைக் கிழித்து சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மேலே நடந்து வந்தார். இறக்கத்தையும் ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிரேக்கைத் தொடவில்லை.

பானெட்டின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: இந்தப் பதிவு எண்ணுள்ள வண்டியை மட்டுமே ஓட்டலாம், வேறு எதையும் ஓட்டக் கூடாது.

மச்சினர் எட்டிப் பார்த்தார். “இந்த ஒரு வண்டிதானா? அப்ப இத வித்துட்டா?”

“வித்துட்டா லைசென்ஸ் செல்லாது,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கேட்டுக்கங்க மாப்பிள,” என்றேன். “காரைக்குடிக்கு நீங்களே ஒரு கார்டு போட்டுருங்க.”

இன்ஸ்பெக்டரைக் கீரனூரில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். மச்சினர் பதறினார்.

“வீடு இங்கிட்டு மச்சான்.”

“குவாரி அங்கிட்டு மாப்பிள. வாரதுன்னா வாங்க. இல்லேன்னா பஸ்ஸு வரும்.”

அவர் இறங்கிக்கொண்டார். நான் போனேன். அன்று குவாரியில் பதினேழு லோடு ஜல்லி ஏறியது. எல்லாவற்றையும் நானே நின்று பார்த்து எழுதினேன்.