காஸ் துணியால் துடைத்த சிப்

இராஜபாளையத்தில் காஸ் துணி நெய்யும் ஒரு யூனிட்டில் நான் சூப்பர்வைசர். புண்ணின் மேல் வைத்துக் கட்டும் துணி. அதைவிடச் சுத்தமானது எதுவும் இல்லை என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் மூக்குக்கண்ணாடி முதல் சாமி படம் வரை அதில்தான் துடைப்போம்.

என் மகள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். தீப்பெட்டி அளவில் ஒரு சிப் செய்திருந்தாள். உள்ளே ஒரு சிறு வாய்க்கால், அது நெடுகக் கண்ணுக்குத் தெரியாத தூண்கள், சற்றே சாய்ந்த வரிசைகளில். நுண்மணிகள் கலந்த நீரை விட்டால் சின்ன மணிகள் தூண்களுக்கிடையே நுழைந்து நேரே போய்விடும். பெரியவை ஒவ்வொரு தூணிலும் முட்டி முட்டி ஓரம் ஒதுங்கிவிடும்.

"சல்லடை அடைச்சா தட்டி விடுவோம். ஒன்னோடது அடைச்சா?"

"தூக்கிப் போட வேண்டியதுதான். மில்லுச் சட்டையோட கிட்ட வந்துறாதீங்கப்பா, பஞ்சு ஆகாது."

செய்த மூன்றில் இரண்டு கசிந்துவிட்டன. மிஞ்சிய ஒன்றை ஆய்வுக்குழு முன் ஓட்டிக் காட்ட வேண்டும். லேபில் யாராவது தொட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். டப்பா திறந்திருந்தது. சிப்பில் நீர் விடும் துளையின் வாயில் ஒரு சொட்டு நீர் நின்றது. குளித்துச் சட்டை மாற்றியிருந்தேன், கை கழுவினேன். புது காஸ் துணியை முறுக்கித் துளைக்குள் விட்டு ஒற்றி எடுத்தேன். அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

வண்டியில் நான்தான் அழைத்துப் போனேன். நுண்ணோக்கியோடு இணைத்த லேப் திரையில் மணிகள் வந்தன, பிரிந்தன. செத்த நேரத்தில் நின்றன. தூண்களுக்குக் குறுக்கே தாம்புக்கயிறு கனத்தில் ஓர் இழை கிடந்தது. அதன் பின்னால் பெரியதும் சிறியதுமாக எல்லாம் குவிந்தன.

"துளைய மூடி வைக்கலையாம்மா?" என்றார் பேராசிரியர்.

மகள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். "என் கவனக்குறைவுதான் சார்."

நான் கதவோரம் ஹெல்மெட்டைப் பிடித்தபடி நின்றேன். புதிதாகச் செய்து அடுத்த மாதம் காட்டச் சொன்னார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில், "தாயி, அது நான்..." என்றேன்.

"தெரியும்ப்பா. காஸ் நூலு எனக்குத் தெரியாதா? அம்புட்டுப் பேரு முன்னாடி ஒங்கள எப்படிக் கைகாட்ட?"

அவள் கோபப்பட்டிருந்தால் நியாயம்தான். வழி முழுக்க என் தோளில் கை வைத்துத்தான் உட்கார்ந்து வந்தாள்.

புதிய சிப் தயாராகிவிட்டதாம். லேபிலேயே வைத்திருக்கிறாள். ஏன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்று நான் கேட்கவில்லை.