இளமதியின் சிவப்பு ஸ்விஃப்ட்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றின் முன்மேசையில் இளமதி வேலை பார்த்தாள். வருகிறவர்களிடம் சாவியை வாங்கி, என்ன கோளாறு என்று கேட்டு, வண்டியை உள்ளே அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது கார்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டே கார்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, சிவப்பு நிறத்தில் பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை வாங்கினாள். கையால் கியர் மாற்றி ஓட்டும் வண்டி.

"வீட்டுப் பக்கத்துலயே எம்ஆர்டி ரயிலு இருக்கு. உனக்கெதுக்கு காரு?" என்று கேட்டாள் அவள் அம்மா சரசு.

"எம்ஆர்டியில நான் கியர் போட முடியாதும்மா."

பட்டறை ஆட்களைக் கொண்டே வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனை இறக்கி இறுக்கமாக்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் இருக்கை போட்டாள். சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட முதுகில் தெரியும். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் கார்ப் பித்துள்ள நண்பர்கள் இருவரும் தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு, சுவா சூ காங்கில் ஒரு பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மொட்டைமாடிக்குப் போவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். பிரபாகருக்கு ரயில் பராமரிப்பில் வேலை. அவனிடம் ஒரு சுபாரு இருந்தது. இப்ராஹீம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஹோண்டா சிவிக், மூவரின் வண்டிகளிலும் மூத்தது.

"அடுத்தது எனக்கு மின்சாரக் கார்தான் லா," என்பான் பிரபாகர். "மிதிச்சா சீட்டோட ஒட்டிக்கிறோம்."

"சத்தமே இல்லாம என்னடா காரு? ஃபிரிட்ஜுக்குச் சக்கரம் வச்ச மாதிரி," என்பார் இப்ராஹீம். "உனக்கு என்ன வேணும் மதி?"

"எனக்கு இதே போதும்ண்ணே. இதுலயே தாய்லாந்து வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வரணும்."

மார்சிலிங்கில் அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் வாகன நிறுத்துமிடத்தில் முதலில் ஒரு தூணில் உரசினாள். கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டாள். பொழுது இருட்டிவிட்டால் கண் தடுமாறியது. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்ராஹீமின் வண்டி பட்டறையில் இருந்ததால், அவர் அவளுடைய காரில் வந்தார். புக்கிட் தீமா சாலையில் அவள் இடப்பக்கம் திரும்பியபோது மோட்டார் சைக்கிள் ஒன்று கதவை உரசிக்கொண்டு சாய்ந்தது. ஓட்டி வந்தவன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். அடி ஒன்றும் இல்லை.

"அக்கா, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

இளமதி மன்னிப்புக் கேட்டாள். அவன் போன பிறகு இப்ராஹீம் அவள் பக்கம் திரும்பினார்.

"மதி, அவன் நம்ம பக்கத்துலயேதான் வந்துக்கிட்டிருந்தான். நீ திரும்பியும் பாத்தே. எப்படித் தெரியாமப் போச்சு?"

"தெரியலண்ணே," என்றாள். அவளுக்கே அப்போதுதான் பயம் வந்தது.

கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இளமதி காத்திருந்தாள். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டாள். பாதி முடிந்துவிட்டது என்று தாதி மெல்லச் சொன்னார்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, பிறவியிலேயே வரும் கோளாறு, நிறுத்த மருந்தில்லை. பார்வை குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகிக்கொண்டே போகும். இனி வண்டி ஓட்டக் கூடாது.

"என் கார் கீழே நிக்குது," என்றாள் இளமதி.

யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

பிரபாகர் வந்தான். சாவியை வாங்கிக்கொண்டு, இருக்கையைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். வழியெல்லாம் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்பதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். மார்சிலிங் வந்ததும், "வேற டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டலாம் மதி," என்றான்.

காட்டினாள். அந்த டாக்டரும் அதையே சொன்னார். சரசு கேட்டு வந்த நாட்டு வைத்தியத்தையும் செய்து பார்த்தார்கள். இளமதி மாலையில் கீழே இறங்கிப் போய், நின்ற இடத்திலேயே இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவாள். பிறகு அதுவும் எதற்கு என்று தோன்றியது. கார் வெளியாளிடம் போவதைவிட நீயே எடுத்துக்கொள் என்று பிரபாகரிடம் சொன்னாள். அவன் தன் சுபாருவை விற்றுவிட்டு ஸ்விஃப்ட்டை வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் அவளைக் கூட்டிப்போக அதிலேயே வந்தான். சாலையில் கார் மிதந்து போனது. மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை. இருக்கையும் மெத்தென்று இருந்தது.

"மாத்திட்டியா?" என்றாள்.

"என் வீட்டுக்காரிக்கு முதுகு வலி. பழைய சீட்டுல உட்கார முடியலைன்னு சொன்னா." பிரபாகர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"உன் வண்டிதானே. நல்லாத்தான் இருக்கு."

மொட்டைமாடியில் அன்று இருவரும் எதையும் வாங்குவது பற்றிப் பேசவில்லை. மழை வருமா என்று பேசினார்கள். தன் முன்னால் பேச அவர்கள் கூசுகிறார்கள் என்று இளமதிக்குப் புரிந்தது. அதன் பிறகு ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு அவள் போகவில்லை. பட்டறையிலும் அவளை முன்மேசையிலிருந்து தொலைபேசி எடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பாததே பெரிது என்றாள் சரசு.

வாட்ஸ்அப் குழுவில் படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. இப்ராஹீம் ஒருநாள் புதிதாய்ச் சாயம் பூசிய தன் சிவிக்கைப் போட்டார். இளமதி கைப்பேசியைக் கண்ணுக்கு அருகே பிடித்தாள். விளக்கு தெரிந்தது. தலையை நகர்த்தினால் கதவு தெரிந்தது. அப்போது விளக்கு இல்லை. பிறகு சக்கரம். தள்ளிப் பிடித்தால் எல்லாமே புள்ளியாகிவிட்டது. எப்படிப் பிடித்தாலும் அது ஒரு முழுக் காராகவில்லை.

"அழகா இருக்குண்ணே," என்று அனுப்பினாள்.

அந்த வாரமே குழுவிலிருந்து விலகினாள். ஏன் என்று இருவரும் கேட்கவில்லை.