ஆலோசகர் தோட்டத்து ஈக்கள்

எங்கள் தோட்டச் சங்கத்துக்கு நான்தான் ஆலோசகர். பெயர் எக்கார்ட் லூடர்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரன். எந்தக் கிளையை எப்போது வெட்டுவது, எந்தச் செடிக்கு என்ன நோய் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லித் தருவது என் வேலை. உரத்தொட்டி என்றால் பேச்சு நிற்காது. ஈரக் கழிவு ஒரு கை போட்டால் காய்ந்த சருகு இரண்டு கை போடு என்று நான் சொல்லாத ஆள் பிரேமன் நகரத்தின் இந்தக் கோடியில் இல்லை.

அந்த செப்டம்பரில் என் தொட்டியின் மூடியைத் திறந்தால் பழ ஈக்கள் புகை மாதிரி எழுந்தன. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். வழக்கம்போல என் தோட்டத்தில், என் மனைவி கெர்லிண்டேயின் பிளம் கேக்கோடு. ஆலோசகர் தேர்தலும் அன்றைக்குத்தான். கேக்கில் ஈ மொய்த்தால் பதவி போச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பதவி மேல் எனக்கு உயிர். தபால் பையை இறக்கி வைத்த பிறகு என்னை நாலு பேர் தேடுவது அதற்காக மட்டும்தான்.

கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, ஒரு சொட்டு சோப்பு விட்டு வைத்தேன். வாசனை பிடித்து அக்கம்பக்கத்து ஈக்களும் விருந்துக்கு வந்து சேர்ந்தன. பிறகு தொட்டியையே இழுத்துப் போய் வேலியோரம் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரோஸ்வித்தா, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள்.

"என்ன ஆலோசகரே, மதியம் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் சத்தம் கூடாதுன்னு நீங்கதானே பலகை மாட்டுனீங்க? உங்க ஈங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

கெர்லிண்டே மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் சருகு போடச் சொல்றீங்களே, நம்ம தொட்டியில போட்டீங்களா?"

சருகுக்கு நான் எங்கே போவேன்? புல்தரையில் ஒரு இலை கிடந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. போன இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் வாரி வண்டியில் ஏற்றி, நகராட்சிக் கிடங்கில் கொட்டிவிட்டு வந்திருந்தேன். அக்கம்பக்கத்தில் சருகு என்று இருந்தது ரோஸ்வித்தாவின் கொட்டகைக்குப் பின்னால் இடுப்புயரக் குவியல் ஒன்றுதான். அசிங்கமாக இருக்கிறது, எடுக்கச் சொல்லுங்கள் என்று சங்கத் தலைவர் ஹார்ட்முட்டிடம் அதைப் பற்றித்தான் போன வாரம் போட்டுக்கொடுத்திருந்தேன்.

சாக்கோடு போய் அவள் முன்னால் நின்றேன்.

"தாராளமா எடுத்துக்குங்க. வாரி எடுக்கச் சோம்பல், அதான் கிடக்கு. கேக்குல எனக்கு மட்டும் ஒரு துண்டு பெருசா வெட்டச் சொல்லுங்க" என்றாள்.

அள்ளி அள்ளிப் போட்டு மூடினேன். ஞாயிறன்று ஒன்றிரண்டு ஈக்கள்தான் சுற்றின. கேக் பாதி காலியானபோது ஹார்ட்முட் எழுந்தார்.

"ரோஸ்வித்தா, உங்க சருகுக் குவியல் மேல புகார் வந்திருக்கு. சீக்கிரம் எடுத்துடுங்க."

அவள் கையிலிருந்த பெரிய துண்டைத் தட்டில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி நிச்சயம்.

எழுந்துவிட்டேன். "புகார் சொன்னது நான்தான். அந்தச் சருகு இல்லேன்னா இன்னிக்கு இந்தக் கேக்கை ஈதான் தின்னுருக்கும். சொந்தத் தொட்டிக்கே சருகு போடாதவன் நான். ஆலோசகரா வேற ஆளைப் பார்த்துக்குங்க."

"சரி, வேற யாரு நிக்கிறீங்க?" என்றார் ஹார்ட்முட்.

எல்லோரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். ரோஸ்வித்தாதான் முதலில் கையைத் தூக்கினாள்.

"அவரே இருக்கட்டும். சனிக்கிழமையானா வீடு வீடா வந்து மண்டையக் குடையுற வேலைய வேற எவன் செய்வான்?"

மளமளவென்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. இத்தனை வருஷமாக வேறு யாருக்குமே வேண்டாத பதவியைத்தான் நான் கட்டிக் காத்து வந்திருக்கிறேன்.